பன்னிரண்டாவது விதி

அக்கா: இதுக்கு மேல மெதுவாப் பேசினா எனக்கே கேக்காதுடா.

தம்பி: ஷ்ஷ்... செருப்பு.

அக்கா: செருப்புக்கு என்ன?

தம்பி: சத்தம் வருது. ஏழாவது விதி. வாசல்லயே விட்டுட்டு வரணும்.

அக்கா: என் வீட்டுல நான் திருடி மாதிரி நடக்கணுமா?

தம்பி: இன்னிக்கு ஒருநாள் மட்டும்க்கா. நாலு மணிக்கு டாக்டர் வந்துடுவாங்க.

அக்கா: பதினாலு நாளா எனக்கு 'இன்னிக்கு ஒருநாள் மட்டும்'தான்.

தம்பி: உள்ள என்ன பண்ணுது, பாத்தியா?

அக்கா: கட்டிலுக்கடியில இருக்கு. வேற எங்க போகும்? மூக்கு சுவத்தப் பாத்து, முதுகு நம்மளப் பாத்து. கடன்காரன் வந்தா நம்ம சித்தப்பா படுத்துப்பாரே, அந்த மாதிரி.

தம்பி: கிண்ணம்?

அக்கா: வெச்சது வெச்சபடி.

தம்பி: தொடவே இல்லையா? நல்லாப் பாத்தியா?

அக்கா: நீயே போய் எண்ணிப் பாரு.

தம்பி: வேணாம். நான் உள்ள போனா பயந்துடும். எழுதிடறேன்... 'பதினாலாம் நாள், மதியம். கிண்ணம் காலியாகவில்லை.'

அக்கா: கையெழுத்து என்னமா இருக்கு! நாய் பட்டினி கிடக்கறதக்கூட படிக்கப் படிக்க ஆசையா இருக்கு.

தம்பி: கிண்டல் பண்ணாதக்கா. டாக்டர் என்ன சொன்னாங்க? வெளியாள் ஒருத்தர் இருக்கும்போது அது தானா வெளிய வரணும். இழுக்கக் கூடாது, விரட்டக் கூடாது. வரலன்னா இன்னிக்கே காப்பகத்துக்குத் திருப்பிக் கொண்டு போயிடுவாங்க.

அக்கா: தெரியும்.

தம்பி: ஏற்கெனவே ரெண்டு வீட்டுக்குப் போயிட்டுத் திரும்பி வந்தது. நாம மூணாவது. நாமளும் வேணாம்னுட்டா அத இனிமே யாரு எடுப்பா?

அக்கா: நாம எங்கடா வேணாம்னோம்?

தம்பி: நாம சொல்லல... நோட்டு சொல்லுது. பதினாலு நாள்ல ஒரு நல்ல வார்த்த இருக்கா பாரு. இன்னும் ஏழு நாள் கிடைச்சாப் போதும்.

அக்கா: எதுக்கு ஏழு நாள்?

தம்பி: இல்ல... மாசம் முடிய ஏழு நாள் இருக்கு. அதச் சொன்னேன்.

அக்கா: மாசம் முடிஞ்சா அடுத்த மாசம் வரும். அதுக்கு ஏன் முகம் இப்படிப் போகுது?

தம்பி: எப்பவும் போலத்தான் இருக்கு.

அக்கா: நாய் வேணும்னு கேட்டவன் நீ. 'வீட்டுல ஒரு உயிர் இருந்தா நல்லா இருக்கும்க்கா'ன்னு. அப்ப இத்தன நாளா நான் என்ன பொம்மையா?

தம்பி: உனக்குப் பேச்சுத் துணையா இருக்கட்டும்னுதான்...

அக்கா: பேச்சுத் துணையக் கொண்டுவந்துட்டு, பேசாதன்னு ஒரு விதி போட்ட ஆள உலகத்துலயே இப்பதான் பாக்கறேன்.

தம்பி: அது பதிமூணாவது விதி. கொஞ்ச நாளைக்குத்தான்... ஏய், மெஷின் மேல போட்ட போர்வ ஏன் கலைஞ்சிருக்கு?

அக்கா: தூசி தட்டினேன்.

தம்பி: பிளக் சொருகியிருக்கு.

அக்கா: இஸ்திரிப் பெட்டின்னு நெனச்சு மாத்திச் சொருகிட்டேன்.

தம்பி: தையல் மெஷின ஓட்டக் கூடாதுன்னு எவ்வளவு தடவ சொல்லியிருக்கேன்? அந்தக் கடகட சத்தத்துக்கு எனக்கே தூக்கிவாரிப் போடும். பன்னிரண்டாவது விதி, ரெண்டு கோடு வேற போட்டிருக்கேன். அதுவும் ஸ்கூல் எல்லாம் லீவு, யூனிஃபார்ம் ஆர்டர் ஒண்ணும் இல்லன்னு நீதானே சொன்ன?

அக்கா: இல்லதான். அத விடு. ஈவினிங் கிளாஸ் புத்தகம்னு ஒண்ணு வெச்சிருக்கியே, அதோட மூலைய யாரு தின்னா?

தம்பி: எ... எலி.

அக்கா: நம்ம வீட்டுல எலியா?

தம்பி: ஒண்ணு வந்திருக்கும்.

அக்கா: இவ்ளோ பெரிய பல்லோடயா?

தம்பி: அக்கா, போன் அடிக்குது. டாக்டர்தான். கீழ வந்துட்டாங்க போல. ஹலோ...? வாசல்லயா? ஐயோ, சாரி டாக்டர், இதோ.

டாக்டர்: அஞ்சு நிமிஷமா பெல் அடிக்கிறேன். செத்துக் கிடக்கு.

தம்பி: ஒயரக் கழட்டி வெச்சிருக்கேன் டாக்டர். பதினாறாவது விதி.

டாக்டர்: பதினாறா? நான் குடுத்த பேப்பர்ல பதினொண்ணுதானே இருந்துச்சு?

அக்கா: அதுக்கப்புறம் இவன் ஒன்பது சேத்திருக்கான் டாக்டர். துடைப்பம் மொட்டை மாடில இருக்கு. குக்கர் பக்கத்து வீட்டுல இருக்கு. தும்மல் வந்தா நான் குளியலறைக்கு ஓடணும். விட்டா என்னையும் கழட்டி வெச்சிருப்பான்.

டாக்டர்: தம்பிக்கு என்ன வேல?

தம்பி: லிஃப்ட் மெக்கானிக் டாக்டர். ஒரு போல்ட் விட்டுப்போனாலும்... அதான், எல்லாத்தையும் எழுதி வெச்சுப்பேன்.

டாக்டர்: நல்லது. நோட்டக் குடுங்க பாக்கலாம். கூண்டு கீழ வண்டில இருக்கு. தேவப்பட்டா மட்டும் எடுத்துட்டு வர்றேன்.

அக்கா: தேவப்படாது டாக்டர்.

டாக்டர்: பாப்போம்மா... ம். மூணாம் நாள், காலியாகவில்லை. அஞ்சாம் நாள், காலியாகவில்லை. ஒன்பதாம் நாள், மழை, காலியாகவில்லை. பதிமூணு... இதென்ன, கடைசி வரைக்கும் இதேதானா?

தம்பி: ஆமா டாக்டர்.

டாக்டர்: தண்ணி?

தம்பி: தண்ணி மட்டும் குடிக்குது.

டாக்டர்: வெறும் தண்ணிலயா பதினாலு நாள் ஓட்டுச்சு? டார்ச்ச இப்படிக் குடுங்க. கண்ணுல அடிக்கல, பயப்படாதீங்க... அட.

அக்கா: என்ன டாக்டர்?

டாக்டர்: என்கிட்ட இருந்து போகும்போது விலாவுல எலும்ப எண்ணலாம். இப்ப எண்ண முடியல. உடம்பு மினுமினுன்னு இருக்கு. சொல்லுங்க, இந்த நோட்டுல யாரு பொய் எழுதினது?

தம்பி: நான் பொய் எழுத மாட்டேன் டாக்டர்.

அக்கா: அவன் எழுத மாட்டான். பரீட்சைல பக்கத்துப் பையன் விடையப் பாத்துட்டு, பாத்தேன்னு வாத்தியார்கிட்ட அவனே போய்ச் சொன்னவன்.

டாக்டர்: அப்ப இதென்ன மந்திரமா? சரி, அது எப்படியோ இருக்கட்டும். எனக்கு வேண்டியது ஒண்ணுதான். இந்த நாற்காலில நான் உக்காந்திருப்பேன், அசைய மாட்டேன். அது தானா வெளிய வரணும். கால் மணி நேரம் பாப்பேன். வரலன்னா கூட்டிட்டுப் போறேன். உங்க மேல கோபமில்ல. ஆனா இருபத்துநாலு மணி நேரமும் சுவத்தப் பாத்துட்டே இருக்கறது ஒரு வாழ்க்கையா? அங்க கூட்டாளி நாயாவது இருக்கும். என்ன, ரெண்டு பேரும் என்னையே பாக்கறீங்க? கூப்பிடுங்க.

தம்பி: அக்கா, நீ கூப்பிடு.

அக்கா: நீதானே கூட்டிட்டு வந்த, நீ கூப்பிடு.

தம்பி: உன்கிட்ட வந்தாத்தான் நல்லது.

அக்கா: ஏன், உன்கிட்ட வந்தா கசக்குமா?

டாக்டர்: ரெண்டு நிமிஷம் ஆச்சு.

தம்பி: ...டாக்டர், ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டீங்களே? அக்கா, நீயும்.

அக்கா: சொல்லித் தொலடா.

தம்பி: அந்தப் புத்தகத்த எடு. மூலை இல்லாதது.

அக்கா: இத வெச்சுட்டு என்ன பண்ணப் போற?

தம்பி: படிக்கப் போறேன். 'மின்மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் முறைகள் மூன்று. முதலாவது...'

அக்கா: டேய், உனக்கு என்னமோ ஆயிடுச்சு.

தம்பி: ஷ்ஷ்... 'முதலாவது முறையில், சுற்றுக்குள் செல்லும் மின்னோட்டம்...'

டாக்டர்: அம்மா, அங்க பாருங்க. வால்.

அக்கா: ஐயோ... ஆட்டுது!

தம்பி: காலைல அஞ்சு மணிக்கு, நீ எழுந்திருக்கறதுக்கு முன்னாடி... கட்டில் ஓரமாத் தரையில படுத்துட்டுப் படிப்பேன். ஆறாம் நாள்ல இருந்து. ஒருநாள் கிளாஸ்ல பரீட்சை, வேற இடம் இல்லாம இங்க வந்து முணுமுணுத்தேனா... மெல்லத் திரும்பிப் படுத்துச்சு. கைல பிஸ்கட் இருந்துச்சு. நீட்டினேன். வாங்கிக்கிச்சு.

அக்கா: பதிமூணாவது விதி, பேசாதே! என் வாய மட்டும் கட்டிப் போட்டுட்டு?

தம்பி: அதான் சொல்லல. உன்னத் திட்டிட்டு நானே பேசினா எந்த மூஞ்சிய வெச்சுட்டுச் சொல்றது?

டாக்டர்: நோட்டுல இது எங்க?

தம்பி: நோட்டுல 'கிண்ணம்'னுதான் கட்டம் இருக்கு டாக்டர். 'கை'ன்னு கட்டமே இல்ல.

டாக்டர்: அடக் கடவுளே... சரி, படிங்க. நிறுத்தாதீங்க. மூக்கு வெளிய வந்துடுச்சு.

தம்பி: 'இரண்டாவது முறை, சுருளின்...' வா, வாடா கண்ணா... 'சுருளின் எண்ணிக்கையை மாற்றுதல்...' அவ்ளோதான் டாக்டர். இதுக்கு மேல வராது. மூக்கு வரைக்கும்தான் எப்பவும்.

டாக்டர்: மூக்கு வெளிய வந்தா நாய் வெளிய வந்ததா அர்த்தம் இல்ல தம்பி. ஆறு நிமிஷம் ஆச்சு.

தம்பி: இன்னொரு வாரம் குடுங்க டாக்டர். மூணாவது அத்தியாயம் இருக்கு, நல்லா நீளமானது.

டாக்டர்: அந்தக் காது மேல என்ன அது? நூல் மாதிரி... நீல நூல்.

தம்பி: நானும் பாத்தேன். எட்டாம் நாள்ல எழுதியிருக்கேன். 'காதில் நீல நூல், காரணம் தெரியவில்லை.'

அக்கா: ...காரணம் எனக்குத் தெரியும்.

தம்பி: என்ன?

அக்கா: நகரு. அந்தப் போர்வைய எடு.

தம்பி: மெஷினா? வேணாம்க்கா! இவ்ளோ தூரம் வந்திருக்கு, அந்தச் சத்தம் கேட்டா சுவத்துக்குள்ளயே பூந்துடும்!

அக்கா: டாக்டர், இவனக் கொஞ்சம் புடிச்சுக்கோங்க.

தம்பி: அக்கா... பன்னிரண்டாவது...

அக்கா: உன் பன்னிரண்ட மடிச்சு பாக்கெட்ல வெச்சுக்கோ. பெடல மிதிக்கப் போறேன்.

தம்பி: ஐயோ...

டாக்டர்: ஷ்ஷ். அசையாதீங்க.

தம்பி: ...வருது.

டாக்டர்: பேசாதீங்க தம்பி.

தம்பி: நாலு காலும் வெளிய வந்துடுச்சு டாக்டர்! வால் கூட வந்துடுச்சு! உங்க காலத் தாண்டிப் போகுது!

டாக்டர்: பாத்துட்டுத்தான் இருக்கேன். ஏன் அழறீங்க?

தம்பி: இல்ல... தூசி.

அக்கா: அழுதா அழுதேன்னு எழுதிக்கோ. பாருங்க டாக்டர், நேரா என் காலுக்குத்தான் வருவான். பெடல் மேல இருக்கற கால்ல தலைய வெச்சுப்பான். மெஷின் அதிர அதிர அவனுக்குக் கண்ணு சொக்கும். ஒரு கையால தைப்பேன், இன்னொரு கையால கோழித்துண்டு குடுப்பேன். நாலாம் நாள்ல இருந்து இதான் நடக்குது.

தம்பி: நாலாம் நாளா? எனக்கு ரெண்டு நாள் முன்னாடியேவா?

அக்கா: நீ வேலைக்குப் போனதும் ஆரம்பிப்பேன், உன் பைக் சத்தம் கேட்டா போர்வையப் போட்டுடுவேன்.

தம்பி: ஏன்க்கா சொல்லல?

அக்கா: வாரா வாரம் லீவு நாள்ல காப்பகத்துக்குப் போய், அத்தன நாய்ல இதத் தேடிப் புடிச்சவன் நீ. என்கிட்ட மட்டும்தான் வருதுன்னு எப்படிச் சொல்வேன்? உன் மனசு கஷ்டப்படும்னு இருந்தேன். இவன் என்னடான்னா உன்கிட்ட இஞ்சினியரிங் படிச்சிட்டிருந்திருக்கான்.

டாக்டர்: காலைல பிஸ்கட், பகல்ல கோழி. அப்புறம் கிண்ணத்துல சோத்த வெச்சா எந்த நாய் திரும்பிப் பாக்கும்? நான் அந்த இடத்துல இருந்தாலும் பாக்க மாட்டேன்.

தம்பி: அப்ப... கூண்டு?

டாக்டர்: வண்டிலயே இருக்கட்டும். எட பாக்கணும். வீட்டுல மெஷின் இருக்கா? ஆள் எட பாக்கறது?

அக்கா: இருக்கு.

டாக்டர்: நீங்க அதத் தூக்கிட்டு ஏறுங்க. அப்புறம் தனியா ஏறுங்க. கழிச்சுக்கலாம்.

அக்கா: டேய், நீ அந்தப் பக்கம் திரும்பிக்கோ.

தம்பி: எழுதணுமேக்கா.

அக்கா: என் எட உன் நோட்டுல ஏறுச்சு, உன் விரல ஊசில கோத்துடுவேன்.

தம்பி: ரெண்டு நம்பரும் இல்லாம எப்படிக் கழிக்கிறது?

டாக்டர்: நான் மனசுல கழிச்சுக்கறேன்... பத்து அறுநூறு. வந்தப்ப ஒன்பது இருநூறு. ஒரு கிலோ நானூறு கிராம் கூடியிருக்கு. பட்டினி கிடந்த நாய்!

அக்கா: கேட்டியாடா தங்கம்? உனக்குக் கூடினா பாராட்டறாங்க.

டாக்டர்: சரி, கையெழுத்துப் போட்டுடலாம். இந்த ஃபாரம் தம்பி அன்னிக்கு நிரப்பினது. பேரு எழுதல பாருங்க. நாய்க்கு என்ன பேரு?

அக்கா: பேரா? 'டேய்'னு கூப்பிட்டா வருவான்.

தம்பி: அது என் பேரு.

அக்கா: பாரு, ரெண்டு பேரும் திரும்பறீங்க.

டாக்டர்: 'பேரு பிறகு'ன்னு போட்டுக்கறேன். முகவரி சரி... கதவு, ஜன்னல் அளவெல்லாம் எழுதியிருக்கீங்க, கேக்கவே இல்ல... வீட்டில் வசிப்பவர்கள்... இதென்ன? ரெண்டுன்னு எழுதி, அடிச்சு, ஒண்ணுன்னு போட்டு, பக்கத்துல ஒரு கேள்விக்குறி. ரெண்டு பேர் இருக்கீங்களே?

தம்பி: அது... தப்பா எழுதிட்டேன் டாக்டர்.

டாக்டர்: 'ஒண்ணாந்தேதி முதல்'னு பொடி எழுத்துல வேற இருக்கே.

தம்பி: அதக் குடுங்க டாக்டர், நானே திருத்திடறேன்.

டாக்டர்: நான் ஏதாவது கேக்கக் கூடாதத கேட்டுட்டேனா?

தம்பி: பொய் எழுத வரல டாக்டர். அதான் அப்படி... அக்கா, நானே சொல்லணும்னுதான் இருந்தேன். பெரிய லிஃப்ட் கம்பெனி. வேற ஊரு. ரயில்ல ஒருநாள் ஆகும். ஒண்ணாந்தேதி வந்து சேரணும்னு லெட்டர் போட்டிருக்காங்க. நான் இன்னும் பதில் போடல. அம்மா போனதுக்கப்புறம் நீ ஒருநாள்கூட இந்த வீட்டுல தனியா இருந்ததில்ல. நான் வர பத்து நிமிஷம் லேட்டானா படிக்கட்டுல வந்து நிப்ப. அதான்... இது உன்கிட்ட சேந்துச்சுன்னா போறது, சேரலன்னா போகாம இருந்துடறதுன்னு...

அக்கா: டாக்டர், எங்க கையெழுத்துப் போடணும்?

டாக்டர்: இங்க... நிதானமாப் படிச்சுட்டே போடலாம்மா, அவசரமில்ல.

அக்கா: படிக்க என்ன இருக்கு? வசிப்பவர்கள், ஒண்ணு. அந்தக் கேள்விக்குறிய நானே அடிச்சுடறேன். ம், ஆச்சு.

டாக்டர்: அப்ப நான் கெளம்பறேன். அடுத்த மாசம் ஊசி போட வருவேன். வெறுங்கூண்டோட திரும்பறதுன்னா எனக்கு எவ்ளோ சந்தோஷம்னு உங்களுக்குத் தெரியாது. பெல்ல மட்டும் மாட்டி வைங்க தம்பி.

தம்பி: மாட்டிடறேன். பாத்துப் போங்க டாக்டர்.

தம்பி: அக்கா, மறுபடி மெஷின்ல உக்காந்துட்ட. ஏதாவது பேசேன். பதினாலு நாள் பேசாதன்னதுக்கு இப்பப் பழி வாங்கறியா?

அக்கா: மெஷின் சத்தத்துல ஒண்ணும் கேக்கல.

தம்பி: நிறுத்தேன் கொஞ்சம்.

அக்கா: நிறுத்தினா முழிச்சுப்பான். இப்பதான் கண்ண மூடினான்.

தம்பி: நான் போகலக்கா. வரலன்னு இன்னிக்கே எழுதிப் போட்டுடறேன். இங்க இருக்கற லிஃப்டுக்கே ஆள் பத்தல.

அக்கா: ம்.

தம்பி: என்ன 'ம்'? உனக்கு யாரு மளிக தூக்கிட்டு வருவா? பல்பு போச்சுன்னா யாரு மாட்டுவா? நீ நாற்காலி மேல ஏறினாலே தல சுத்தும்.

அக்கா: ம்.

தம்பி: கோபமாவாவது திட்டேன். இப்பப் போய் என்ன தையல்? லீவுல ஆர்டர் கிடையாது. தலகாணி உறைன்னு சொல்லாத, நம்மகிட்ட இருக்கறதே மூணு தலகாணி. பதினோரு நாளா, எனக்குத் தெரியாம, அப்படி யாருக்குத்தான் தைக்கிற?

அக்கா: டேய்.

தம்பி: என்னையா, அவனையா?

அக்கா: உன்னத்தான். இப்படி வந்து திரும்பி நில்லு, தோள் சரியா வந்திருக்கான்னு பாக்கணும். லெட்டரப் புத்தகத்துக்குள்ள வெச்சு, புத்தகத்த கூடத்துலயே போட்டுட்டுப் போனா பாக்க மாட்டேனா? வேலைக்கு நீலச் சட்ட நாலு வேணும்னு அதுல போட்டிருந்துச்சு. மூணு பீரோல மடிச்சு வெச்சுட்டேன். கைய நீட்டு, இது நாலாவது.